போர்க்களத்தில் செஞ்சிலுவைக் கொடி எப்படிக் காக்கிறது?

வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவையைப் பார்த்ததும் நம்மில் பலருக்கு மருந்துக்கடையோ டாக்டரோதான் நினைவுக்கு வரும். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதலுதவிப் பெட்டியிலிருந்து பிள்ளைகள் உருட்டி விளையாடும் பொம்மை ஆம்புலன்ஸ் வரை அதை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சின்னம் பிறந்தது போர்க்களத்தில். "இவரைச் சுடாதே, இந்தக் கட்டடத்தின் மேல் குண்டு போடாதே" என்று எதிரிப் படைக்குச் சொல்வதுதான் அதன் முதல் வேலை.

சொன்னால் எதிரி கேட்பானா? கேட்க வேண்டுமென்றால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். சின்னம் அவன் கண்ணில் பட வேண்டும். பட்ட பிறகு அதை அவன் நம்பவும் வேண்டும். கைப்பட்டை, கொடி, கூரையில் அடிக்கும் பெயின்ட், போரில் காயப்பட்டவர்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட ஜெனீவா ஒப்பந்தங்கள், நீதிமன்றத் தண்டனை என்று இந்த விஷயத்தில் இருப்பதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஆளுக்கொரு நிறக் கொடி இருந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, படையோடு போகும் மருத்துவருக்குப் பொதுவான அடையாளம் எதுவும் கிடையாது. ராணுவ மருத்துவமனைக் கூடாரத்தின் மேல் கொடி பறக்கும், ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு நிறம். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று எதிரிப் படைச் சிப்பாய்க்குத் தெரியாது. மருத்துவரும் மற்றவர்களைப் போலவே படையின் சீருடையில் இருப்பார். குனிந்து கட்டுப் போடுகிறவர் யார், குனிந்து குறிபார்க்கிறவர் யார் என்று தூரத்திலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியில் சோல்ஃபெரினோ என்ற ஊருக்குப் பக்கத்தில் பிரெஞ்சு, சார்டினியப் படைகள் ஒரு பக்கமும் ஆஸ்திரியப் படை மறுபக்கமும் மோதின. ஒரே நாளில் பல்லாயிரம் பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். சொந்த வியாபார வேலையாக அந்தப் பக்கம் போயிருந்த ஹென்றி டூனான்ட் என்ற ஜெனீவாக்காரர், பக்கத்து ஊரான காஸ்டிலியோனேயின் தேவாலயத்தில் குவிந்து கிடந்தவர்களுக்கு ஊர்ப் பெண்களோடு சேர்ந்து தண்ணீர் கொடுத்தார், கட்டுப் போட்டார். கண்டதையெல்லாம் 1862-இல் புத்தகமாக எழுதி வெளியிட்டார். அடுத்த வருடமே ஜெனீவாவில் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. இன்றைய பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு அதிலிருந்து வளர்ந்ததுதான்.

1863 அக்டோபரில் அந்தக் குழு கூட்டிய மாநாட்டில், காயப்பட்டவர்களைக் கவனிக்கும் தொண்டர்கள் வெள்ளைக் கைப்பட்டையில் சிவப்புச் சிலுவை அணிய வேண்டும் என்று முடிவானது. 1864 ஆகஸ்ட் 22 அன்று 12 நாடுகள் முதல் ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எல்லாப் படைகளுக்கும் ஒரே கொடி, ஒரே கைப்பட்டை. சிவப்பில் வெள்ளைச் சிலுவை கொண்ட சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களைத் திருப்பிப் போட்டதுபோல் அது இருக்கிறது. அந்த நாட்டுக்குச் செய்யும் மரியாதை என்று பிற்பாடு 1906 ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள்.

ஸ்பியோன்கோப்பில் நம் ஆட்கள்

இந்தக் கதை எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. டர்பனைச் சுற்றிய நேட்டால் பகுதியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அதில் பங்கு உண்டு.

1899 அக்டோபரில் பிரிட்டனுக்கும், இங்கே குடியேறிய டச்சு வழி வெள்ளையர்களான போயர்களின் குடியரசுகளுக்கும் போர் மூண்டது. பிரிட்டன் 1864 ஒப்பந்தத்தில் முன்பே சேர்ந்திருந்தது. அந்தப் போயர் குடியரசுகளான டிரான்ஸ்வாலும் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டும் போருக்குச் சில வருடங்களுக்கு முன்புதான் சேர்ந்தன. ஆக, சட்டப்படி இரு தரப்பும் செஞ்சிலுவையை மதிக்கக் கடமைப்பட்டவர்கள்.

அந்தப் போரில் காயப்பட்டவர்களைத் தூக்கிச் செல்ல நேட்டால் இந்தியர் ஆம்புலன்ஸ் படை என்ற ஒன்று திரண்டது. முன்னின்று திரட்டியவர் காந்தி. ஏறத்தாழ 1,100 பேர். அதில் சுமார் 300 பேர்தான் கூலி ஒப்பந்தம் முடிந்த, அல்லது ஒப்பந்தமே இல்லாத இந்தியர்கள். மீதிப் பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அதனால் அந்த ஸ்ட்ரெச்சர்களுக்குத் தோள் கொடுத்தவர்களில் நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். தலைவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. தோள் கொடுத்த கூலிகளில் பெரும்பாலோரின் பெயர்கள் அப்படி நம் கைக்கு வரவில்லை. இதை எழுதும்போது எனக்கு அது உறுத்துகிறது.

டர்பனில் மிஷன் மருத்துவமனை நடத்திய டாக்டர் பூத் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1899 டிசம்பரில் கொலென்சோ சண்டையின்போது முதலில் வேலைக்கு இறங்கினார்கள். 1900 ஜனவரியில் ஸ்பியோன்கோப் மலையில் நடந்த சண்டைக்கு மறுபடியும் அழைத்தார்கள். ஆரம்பத்தில் பேச்சு என்னவென்றால், சுடும் எல்லைக்கு வெளியேதான் வேலை, செஞ்சிலுவையின் பாதுகாப்பும் உண்டு. ஸ்பியோன்கோப்பில் நிலைமை மோசமானபோது பிரிட்டிஷ் தளபதி புல்லரிடமிருந்து சேதி வந்தது: உள்ளே வர வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, ஆனால் களத்துக்கே வந்து தூக்கினால் அரசு நன்றியோடு இருக்கும் என்று. போனார்கள். காயப்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்துகொண்டு ஒரு நாளில் 20, 25 மைல் வரை நடந்ததாகக் காந்தி பின்னர் எழுதினார்.

இங்கேதான் சின்னத்தின் எல்லையையும் பார்க்க முடிகிறது. ரைஃபிளோடு எதிரே நிற்கிற போயர் வீரனுக்குக் கைப்பட்டை தெரியும், தெரிந்தால் அவன் நிறுத்த முடியும். ஆனால் ஸ்பியோன்கோப் உச்சியில் விழுந்த பீரங்கிக் குண்டுகள் தூரத்துக் குன்றுகளிலிருந்து வந்தவை. அவ்வளவு தூரத்தில் ஒரு சாண் துணி யாருக்குத் தெரியும்? ஆயுதம் எட்டும் தூரம் கூடக்கூட, சின்னமும் வளர வேண்டியிருந்தது.

கைப்பட்டையிலிருந்து கூரை வரை

இன்று நடைமுறையில் இருப்பவை 1949-இன் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களும் 1977, 2005-இல் வந்த கூடுதல் நெறிமுறைகளும். 1949 ஒப்பந்தங்களை உலக நாடுகள் அத்தனையும் ஏற்றிருக்கின்றன.

ராணுவ மருத்துவப் பணியாளரின் கைப்பட்டை எப்படி இருக்க வேண்டும் என்று முதல் ஒப்பந்தம் விவரமாகவே சொல்கிறது. இடது கையில் கட்ட வேண்டும். ஈரம் பட்டாலும் கெடாத துணியாக இருக்க வேண்டும். முக்கியமாக, அதைக் கொடுப்பதும் முத்திரை குத்துவதும் ராணுவ அதிகாரத் தரப்புதான். யார் வேண்டுமானாலும் வீட்டில் தைத்துக் கட்டிக்கொள்ள முடியாது. கூடவே சட்டைப்பையில் அடங்கும் ஓர் அடையாள அட்டை. அதில் அதே சின்னம், பெயர், பிறந்த தேதி, படைப்பதவி, எண், புகைப்படம், கையெழுத்து அல்லது கைரேகை. எதிரியிடம் பிடிபட்டாலும் அந்தக் கைப்பட்டையையும் அட்டையையும் யாரும் பறிக்கக் கூடாது. கைப்பட்டை தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு, அட்டை பக்கத்தில் வந்து "நீ நிஜமாகவே மருத்துவ ஆள்தானா?" என்று கேட்கிறவனுக்கு.

கட்டடத்துக்கும் வண்டிக்கும் சின்னம் முடிந்தவரை பெரிதாக இருக்க வேண்டும், முடிந்தவரை எல்லாத் திசையிலிருந்தும் தெரிய வேண்டும். சுவரில் மட்டும் வரைந்து கூரையை விட்டுவிட்டால் விமானிக்குத் தெரியாது. இரவில் விளக்குப் போட்டுக் காட்டலாம். இருட்டில் வெப்பத்தைக் கொண்டு பார்க்கும் அகச்சிவப்புக் கருவிகள் வந்த பிறகு இன்னொரு சிக்கல் முளைத்தது. வெறும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் சிவப்பும் வெள்ளையும் அந்தக் கருவியில் ஒன்றாகக் கலந்துபோகலாம். அதனால் சிவப்பு அடிப்பதற்கு முன் அடியில் கறுப்பு ப்ரைமர் பூசலாம் என்று நெறிமுறையின் இணைப்பிலேயே யோசனை சொல்லியிருக்கிறார்கள். மருத்துவ விமானங்களுக்கு நீல நிற மின்னும் விளக்கு உண்டு. மருத்துவக் கப்பல்களுக்கு வெளிப்புறம் முழுக்க வெள்ளை, பக்கவாட்டிலும் மேல்தளத்திலும் கருஞ்சிவப்புச் சிலுவை.

இவ்வளவையும் படித்தால் பாதுகாப்பு என்பதே பெயின்டில் இருப்பதுபோல் தோன்றும். அப்படியில்லை. காயப்பட்டவரையும் அவரைக் கவனிப்பவரையும் தாக்கக் கூடாது என்பதுதான் சட்டம். சின்னம் அந்தப் பாதுகாப்பை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். கைப்பட்டை கிழிந்து விழுந்துவிட்ட மருத்துவரையும், அவர் யாரென்று தெரிந்த பிறகு சுடுவது குற்றம்தான். சில சமயம் படைத்தளபதியே மறைவிடம் வெளியே தெரிந்துவிடும் என்று சின்னங்களை மூடி வைக்கச் சொல்வதுண்டு. அப்போதும் சட்டப் பாதுகாப்பு போகாது. ஆனால் தெரியாமல் எதிரி சுட்டுவிட்டால் அவனைக் குறை சொல்வது கடினம்.

பாதுகாப்புக்கு ஒரு விலையும் இருக்கிறது. மருத்துவ ஆள் சண்டையில் இறங்கக் கூடாது. தன்னையும் நோயாளிகளையும் காத்துக்கொள்ளக் கைத்துப்பாக்கி போன்ற சிறிய ஆயுதம் வைத்திருக்கலாம், அதற்கு மேல் கூடாது. ஆம்புலன்ஸில் வெடிமருந்து ஏற்றினால், மருத்துவமனை மாடியில் வேவு பார்க்க ஆள் வைத்தால், பாதுகாப்பு போய்விடும். அப்போதும் எதிரி உடனே தாக்கிவிடக் கூடாது. முதலில் எச்சரிக்க வேண்டும், நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும்.

உதவி செய்கிற எல்லாரும் இதைக் கட்டலாமா?

கூடாது. புதிதாகப் படிக்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பெரிய அளவில், பாதுகாப்புக்காக, வேறு எழுத்து எதுவும் சேர்க்காமல் இந்தச் சின்னத்தைக் காட்ட உரிமை உள்ளவர்கள் சிலர்தான். ராணுவத்தின் மருத்துவப் பிரிவும் அதோடு இருக்கும் மதகுருக்களும். அந்தப் பிரிவுக்கு உதவ அரசு ஒப்புக்கொண்ட தேசியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவக் குழுக்கள். அரசு அனுமதி கொடுத்த பொதுமக்கள் மருத்துவமனைகள். அப்புறம் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவும் சங்கங்களின் கூட்டமைப்பும்.

இரண்டாவது வகைப் பயன்பாடு வெறும் அடையாளத்துக்கு. தென்னாப்பிரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வெள்ளத்தின்போது போர்வை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொண்டரின் சட்டையில் சின்னதாகச் சிலுவை, பக்கத்தில் சங்கத்தின் பெயர். "நான் இந்தச் சங்கத்து ஆள்" என்பது மட்டும்தான் அதன் பொருள். இந்த வகையைப் போர்க்காலத்தில் கைப்பட்டையிலோ கூரையிலோ போடக் கூடாது. பெரிய சிலுவையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாதே என்றுதான் அந்தத் தடை.

அப்படியானால் உணவுப் பொட்டலம் கொண்டுபோகிறவர்கள், கிணறு தோண்டுகிறவர்கள், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 1992-இல் டாக்டர் இம்தியாஸ் சூலிமான் தொடங்கி இன்று பல போர்ப் பகுதிகளில் வேலை செய்யும் கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ் என்ற நிவாரண அமைப்பு? இவர்களுக்கு உள்ளது பொதுமக்கள் என்ற வகையில், நிவாரணப் பணியாளர்கள் என்ற வகையில் சட்டம் தரும் பாதுகாப்பு. பொதுமக்களைக் குறிவைத்துத் தாக்குவது போர்க்குற்றம். ஆனால் அவர்களுடைய கொடியும் லோகோவும் ஜெனீவா ஒப்பந்தத்துச் சின்னங்கள் அல்ல. அவர்கள் யார் என்று சொல்லும் அடையாளம் மட்டும்தான். எதிரே நிற்கும் சிப்பாய்க்கு அந்த லோகோவைப் பயிற்சியில் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அதனால் இந்த அமைப்புகள் கொடியை மட்டும் நம்பி இருப்பதில்லை. தங்கள் மருத்துவமனை, கிடங்கு, வண்டி போகும் பாதை, நேரம் எல்லாவற்றையும், இடத்தைத் துல்லியமாகக் காட்டும் வரைபட எண்களான ஆயங்களோடு இரு தரப்புப் படைகளுக்கும் முன்கூட்டியே கொடுத்து வைக்கிறார்கள். அதுவும் எப்போதும் போதவில்லை. ஆப்கானிஸ்தானின் குண்டுஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தன் மருத்துவமனையின் ஆயங்களை முன்பே கொடுத்திருந்தது. 2015 அக்டோபர் 3 அதிகாலையில் அமெரிக்க விமானம் அதன் மேல் தாக்கியது, 42 பேர் இறந்தார்கள். வேறொரு கட்டடம் என்று தவறாக நினைத்துவிட்டதாக அமெரிக்க ராணுவம் பின்னர் சொன்னது.

பிறை, படிகம், மற்ற கொடிகள்

சிலுவையில் மதப் பொருள் எதுவும் வைக்கவில்லை என்று ஜெனீவாக்காரர்கள் சொன்னாலும், பார்க்கிறவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. 1876-இல் ஓட்டோமான் அரசு, தன் படையினர் சிலுவையை ஏற்க மாட்டார்கள் என்று சொல்லிச் செம்பிறையைப் பயன்படுத்தத் தொடங்கியது. எதிரியின் செஞ்சிலுவையை மதிப்போம் என்றும் சொன்னது. 1929 ஒப்பந்தம் பிறையையும், ஈரான் பயன்படுத்திய சிவப்புச் சிங்கமும் சூரியனும் கொண்ட சின்னத்தையும் ஏற்றுக்கொண்டது. ஈரான் 1980-இல் பிறைக்கு மாறியது.

இப்படியே மதத்துக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று என்று கேட்டுக்கொண்டே போனால், பழைய ஆளுக்கொரு நிறக் கொடிக் காலம் திரும்பி வந்துவிடும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. பல வருடப் பேச்சுக்குப் பிறகு 2005 டிசம்பரில் மூன்றாவது கூடுதல் நெறிமுறை வந்தது. வெள்ளைப் பரப்பில், முனையில் நிற்கும் சதுரத்தின் சிவப்பு விளிம்பு. இதுதான் செம்படிகம். எந்த மதத்தோடும் நாட்டோடும் ஒட்டாத வடிவம் என்று தேடிப் பிடித்தது. 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சிலுவை, பிறை, படிகம் மூன்றுக்கும் சட்டத்தில் ஒரே மதிப்பு, ஒன்று உயர்ந்தது ஒன்று தாழ்ந்தது என்றில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆரஞ்சு நிறத்தின் மேல் நீல முக்கோணம் போட்டிருந்தால் தீயணைப்பு, இடிபாட்டில் மீட்பு போன்ற குடிமக்கள் பாதுகாப்புப் பணி. நீலமும் வெள்ளையும் கலந்த கேடயம் 1954 ஹேக் ஒப்பந்தத்தின்படி கோயில், அருங்காட்சியகம், நூலகம் போன்ற பண்பாட்டுச் சொத்துகளுக்கு. ஒரே வரிசையில் மூன்று ஆரஞ்சு வட்டங்கள் என்றால் அணை, அணுமின் நிலையம் போல, உடைந்தால் ஊரையே அழித்துவிடக்கூடிய இடங்கள். ஐ.நா.வின் நீலக் கொடியை அதன் அனுமதி இல்லாமல் யாரும் பயன்படுத்தக் கூடாது. வெள்ளைக் கொடி என்றால் சரணடைவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சட்டப்படி அது "பேச வேண்டும், சுடுவதை நிறுத்து" என்று கேட்பது. அதை ஏந்தி வருகிறவரைத் தாக்கக் கூடாது.

நம்பிக்கை எப்படி உடைகிறது

1918 ஜூன் 27 இரவு, முதல் உலகப் போர்க் காலம். லாண்டோவரி காஸில் என்ற மருத்துவக் கப்பல் அயர்லாந்துக்கு அப்பால் கடலில் வந்துகொண்டிருந்தது. சிலுவைகளுக்கு விளக்குப் போட்டிருந்தார்கள். ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அதை டார்பிடோ வீசி மூழ்கடித்தது. உள்ளே அமெரிக்க விமானப்படை அதிகாரிகளை ஒளித்துக் கொண்டுபோகிறார்கள் என்று அந்த நீர்மூழ்கியின் தலைவன் சந்தேகப்பட்டான். அப்படி யாரும் அதில் இல்லை. பிறகு உயிர்காப்புப் படகுகளின் மேலும் சுட்டார்கள். 24 பேர்தான் தப்பினார்கள், 234 பேர் இறந்தார்கள். 1921-இல் ஜெர்மனியின் லைப்சிக் நீதிமன்றம் இரண்டு அதிகாரிகளைத் தண்டித்தது.

அந்தக் கப்பலின் சின்னம் கண்ணில் பட்டது. நம்பப்படவில்லை. "உள்ளே வேறு ஏதோ இருக்கும்" என்ற சந்தேகம் ஒருமுறை புகுந்துவிட்டால் எவ்வளவு பெரிய சிலுவையும் பயன்படாது. அதனால்தான் சின்னத்தை ஏமாற்றுக்குப் பயன்படுத்துவதைச் சட்டம் இவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது. ஆம்புலன்ஸில் வருவதுபோல் வந்து எதிரியைக் கொன்றால் அது வெறும் விதிமீறல் இல்லை, போர்க்குற்றம். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனம், சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்தி ஆளைக் கொல்வதையும், சின்னம் அணிந்தவரைத் தாக்குவதையும் குற்றப் பட்டியலில் வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்கா அந்தச் சாசனத்தை 2002-இல் தன் சொந்தச் சட்டமாகவும் ஆக்கியது.

யாரையும் கொல்லாத ஏமாற்றும் கெடுதிதான். 2008 ஜூலையில் கொலம்பிய ராணுவம் மனிதநேயக் குழுவாக வேடமிட்டுப் போய், கெரில்லாக்களிடம் பல வருடம் பிணையாக இருந்த 15 பேரை ஒரு குண்டுகூடச் சுடாமல் மீட்டது. உலகமே கைதட்டியது. அந்தக் குழுவில் ஒருவர் செஞ்சிலுவைச் சின்னம் அணிந்திருந்தார் என்பது பிறகு வெளியானது, அதிபரும் ஒப்புக்கொண்டார். பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தது. மீட்கப்பட்டவர்களை நினைத்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்த வாரம் அதே காட்டுக்குள் நிஜமான செஞ்சிலுவைத் தொண்டர் ஒருவர் போக வேண்டியிருக்கும். அவரை எதிரே நிற்பவன் எந்தக் கண்ணால் பார்ப்பான்? புலி வருது, புலி வருது என்று பொய்யாகக் கத்தினால், நிஜமாகப் புலி வரும் நாளில் யாரும் ஓடி வர மாட்டார்கள்.

பார்த்தும், தெரிந்தும், வேண்டுமென்றே மீறுகிறவர்களும் உண்டு. இதைத் தமிழில் படிக்கிறவர்களுக்கு 2009 நினைவுக்கு வராமல் இருக்காது. இலங்கையின் வன்னியில் போரின் கடைசி மாதங்களில் மருத்துவமனைகள் திரும்பத் திரும்ப ஷெல்லடிக்கு உள்ளாயின. புதுக்குடியிருப்பு மருத்துவமனை தாக்கப்பட்டதைப் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு அப்போதே கண்டித்தது. இடங்கள் அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் அவை தாக்கப்பட்டன என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் அறிக்கை கொடுத்தது. இப்படிப்பட்ட இடத்தில் சின்னத்தால் குண்டைத் தடுக்க முடியவில்லை. ஆனால் "தெரியாமல் நடந்துவிட்டது" என்று பின்னால் சொல்ல வழி இல்லாமல் செய்கிறது. விசாரணைக்கு அது பெரிய சாட்சி.

காவடிக் கூடாரத்தில் எதைக் கட்டுவது

தைப்பூசக் காவடி இங்கே கோடை உச்சியில் வருகிறது. தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து பாதம் வெந்துபோனவர்கள், விரதத்தோடு வெயிலில் நின்று மயங்கி விழுகிறவர்கள் என்று கோயில் வாசலில் முதலுதவிக் கூடாரத்துக்கு ஓய்வே இருக்காது. நான் தொண்டு செய்கிற ஒரு கூடாரத்தில் ஒரு பையன் வெள்ளைப் படுக்கை விரிப்பில் சிவப்பு டேப்பை ஒட்டிச் சிலுவை செய்துகொண்டிருந்தான். வேண்டாம் தம்பி என்று சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. "அக்கா, நல்லதுக்குத்தானே கட்டுறோம்?" என்றான்.

நல்லதுக்குத்தான், சந்தேகமே இல்லை. ஆனால் போர் இல்லாத ஊரில் கடைக்காரர், பொம்மைக் கம்பெனி, கிளினிக், கோயில் என்று ஆளாளுக்கு அந்தச் சின்னத்தைப் பயன்படுத்தினால், நம் பிள்ளைகள் அதை மருந்துக்கான படம் என்றே கற்றுக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் நாளைக்கு ராணுவத்தில் சேர்ந்து, அமைதிப் படையோடு காங்கோவுக்கோ வேறெங்கோ போகலாம். அங்கே அந்தச் சின்னத்தைப் பார்த்ததும் "சுடக் கூடாது" என்பது யோசிக்காமலே தோன்ற வேண்டும். சமாதான காலத்திலும் சின்னத்தைக் காக்கச் சொல்லி ஒப்பந்தம் கேட்பது இதற்காகத்தான். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே 2007-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. அனுமதி இல்லாமல் செஞ்சிலுவையையோ பிறையையோ படிகத்தையோ பயன்படுத்துவது குற்றம்.

மாற்று இல்லாமலும் இல்லை. பச்சைப் பரப்பில் வெள்ளைச் சிலுவை போட்டால் அதுதான் முதலுதவிக்கு உலகம் முழுக்க உள்ள குறி, இங்கே தொழிற்சாலைகளிலும் பள்ளிகளிலும் ஏற்கனவே தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் போடலாம். ஆம்புலன்ஸ்களில் பாம்பு சுற்றிய கோலோடு தெரியும் ஆறு கை நீல நட்சத்திரம் அவசர மருத்துவச் சேவைக்கானது, அதற்கும் போருக்கும் சம்பந்தம் இல்லை. அன்றைக்கு அந்தப் பையன் சிவப்பு டேப்பை உரித்துவிட்டு, பக்கத்துக் கடையில் பச்சைத் துணி வாங்கி வந்து மறுபடியும் ஒட்டினான். கூட்டத்தில் தூரத்திலிருந்தே நன்றாகத் தெரிந்தது.

கம்ப்யூட்டருக்கு எப்படிக் கொடி கட்டுவது

2022 ஜனவரியில் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் கணினிகளுக்குள் யாரோ புகுந்துவிட்டதாக அந்தக் குழு அறிவித்தது. போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள் என்று 5,15,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அங்கே இருந்தன. கூரையில் எவ்வளவு பெரிய சிலுவை இருந்தாலும் இந்த மாதிரித் தாக்குதல் நடத்துகிறவன் கூரையைப் பார்க்கப் போவதில்லை. அவன் பார்ப்பது சர்வரின் முகவரியை.

அதனால் டிஜிட்டல் சின்னம் என்ற ஒன்றை உருவாக்க முயல்கிறார்கள். மருத்துவமனையின் சர்வரில், இணைய முகவரியில், "இது ஜெனீவா ஒப்பந்தத்தின் பாதுகாப்பில் உள்ள கணினி" என்று கணினிகளே படித்துக்கொள்ளக்கூடிய ஒரு குறியை வைப்பது. சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகமும் இதில் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவோடு வேலை செய்திருக்கின்றன.

கைப்பட்டைக்கு இருந்த சிக்கல்கள் இங்கே வேறு உருவில் வருகின்றன. கைப்பட்டையை ராணுவம் முத்திரை குத்தித் தருவதுபோல, இந்தக் குறியும் போலி இல்லை என்று யாராவது உறுதி சொல்ல வேண்டும். இல்லையென்றால் ராணுவமே தன் கணினிகளில் அதை ஒட்டிக்கொள்ளும். தாக்க வருகிறவன், தான் யார் என்று காட்டிக்கொடுக்காமலே அந்தக் குறியைச் சரிபார்க்க முடிய வேண்டும். காட்டிக்கொடுக்கும் என்றால் அவன் சரிபார்க்கவே மாட்டான். இன்னொரு பயமும் இருக்கிறது. பணம் பறிக்கும் திருடர்களுக்குச் சட்டமும் பொருட்டில்லை, சிலுவையும் பொருட்டில்லை. பாதுகாப்பு குறைந்த மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று அந்தக் குறியே அவர்களுக்குக் காட்டிவிடலாம். கூரையில் பெரிய சிலுவை அடிக்கும்போது "இதுவே எதிரிக்குக் குறியாகிவிடுமோ" என்று மருத்துவர்கள் தயங்கும் அதே தயக்கம்தான் இதுவும். இப்போதைக்கு இது சோதனை அளவிலும் நாடுகளுக்கிடையே பேச்சளவிலும் இருக்கிறது. சட்டத்தில் சேர்ப்பதென்றால் புதிய நெறிமுறை வேண்டுமா, பழைய இணைப்பைத் திருத்தினால் போதுமா என்பதையும் நாடுகள்தான் முடிவு செய்ய வேண்டும்.